‘தலை வலிக்குது மிஸ்’: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடத்தும் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம்.

முதல் பீரியட் முடிவதற்குள் ஒரு மாணவி எழுந்து ‘தலை வலிக்குது மிஸ்’ என்கிறாள். அன்றைக்குக் கணக்கு டெஸ்ட். பெஞ்சில் தலை சாய்த்துக்கொள்ளச் சொல்கிறார் ஆசிரியை. பதினொரு மணிக்கு வாந்தி. பிறகு அடித்துப்போட்டதுபோல் தூக்கம். ஒன்றரை மணிக்கு எழுந்து தோழிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறாள். ஸ்டாஃப் ரூமில் தீர்ப்பும் வந்துவிடுகிறது: டெஸ்ட்டுக்குப் பயந்த நடிப்பு. தலைவலிக்கு வைத்தியம் பார்க்கும் நாங்கள் இதே விவரத்தைக் கேட்டால் சீட்டில் எழுதும் சொல் மைக்ரேன். வாந்தி, தூக்கம், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து உட்காருவது, இந்த வரிசைதான் பிள்ளைகளிடம் அந்த நோயைக் காட்டிக்கொடுக்கும். நடிக்கிறாள் என்பதற்கு நீங்கள் காட்டும் சாட்சியே எங்களுக்கு நோயின் சாட்சி.

தமிழில் இதற்கு ‘ஒற்றைத் தலைவலி’ என்று பெயர் நிலைத்துவிட்டதில் ஒரு சங்கடம் உண்டு. பெரியவர்களிலேயே எல்லோருக்கும் ஒரு பக்கம் மட்டும் வலிப்பதில்லை. பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் நெற்றியும் இரண்டு பொட்டும் சேர்ந்தே வலிக்கும். ‘எந்தப் பக்கம் வலிக்குது?’ என்று கேட்டு, ‘ரெண்டு பக்கமும்’ என்று பதில் வந்ததும் ‘அப்படின்னா ஒற்றைத் தலைவலி இல்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தப் பெயரை நம்பித்தான் பல பெற்றோரும் ஏமாறுகிறார்கள். கண்ணாடி போட்டால் சரியாகும் என்று கண் மருத்துவரிடமும், சைனஸ் என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும், பித்தம் என்று நாட்டு மருந்துக் கடையிலும் இரண்டு மூன்று வருடம் சுற்றிவிட்டு வருகிறார்கள். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களுக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரைச் சோதித்ததில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. வாந்தி எடுத்ததும் வலி குறைவதால் நம் ஊரில் பித்தத்தின் மேல் பழி விழுகிறது. மைக்ரேன் வந்தால் வயிறு வேலை செய்யாமல் தேங்கி நிற்கும்; வாந்தி அதன் விளைவு.

வகுப்பறையில் இதை அடையாளம் காண ஸ்கேன் தேவையில்லை. வலி விண்விண்ணென்று தெறிக்கிறதா, மாடிப்படி ஏறினால் கூடுகிறதா, குமட்டல் இருக்கிறதா, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் கண்ணையும் காதையும் பொத்திக்கொள்கிறதா என்று நான்கு கேள்வி கேளுங்கள். இப்படிப்பட்ட வலி ஐந்து முறையாவது வந்திருந்து, இடைப்பட்ட நாட்களில் பிள்ளை முழு நலமாக இருந்தால் பெரும்பாலும் மைக்ரேன்தான். உறுதிசெய்வது மருத்துவர் வேலை. பெரியவர்களுக்கு மருந்தில்லாமல் விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பிள்ளைகளுக்கு இரண்டே மணி நேரத்தில் முடிந்துவிடலாம். முகம் வெளிறுவது, சம்பந்தமில்லாமல் கொட்டாவி விடுவது, கழுத்தைப் பிடித்துக்கொள்வது, சிடுசிடுப்பது ஆகியவை வலிக்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தைய நாளே தொடங்கிவிடும். மைக்ரேன் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வலிக்கு முன் கண்ணெதிரே வளைவளைவாக மின்னும் கோடுகள் தெரியும், அல்லது கரும்பலகையில் ஒரு பகுதி மறைந்துபோகும். 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருந்துவிட்டு மறையும். அந்த நேரத்தில் ‘போர்டில் இருப்பதைப் படி’ என்று எழுப்பி நிறுத்தினால் பிள்ளையால் படிக்க முடியாது.

பருவம் எய்துவதற்கு முன் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஏறக்குறைய சம அளவில் வரும். அதன் பிறகு பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்காகிறது. அதாவது நீங்கள் நடத்தும் வகுப்புகளில்தான் இந்த நோய் தலையெடுக்கிறது. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 18 முதல் 65 வயது வரையானவர்களை வீடுவீடாகச் சென்று விசாரித்த ஓர் ஆய்வில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் நான்கில் ஒருவர். உங்கள் ஸ்டாஃப் ரூமிலும் தைல டப்பாவோடு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களிடம் இந்த மடலை முதலில் கொடுங்கள்.

இனி, எது கிளப்பிவிடுகிறது என்பது. மைக்ரேன் உள்ள மூளை பிறவியிலேயே மாற்றத்தைப் பொறுக்காத மூளை. பரம்பரையாக வருவது, அம்மாவிடம் விசாரித்தால் பாதி நேரம் விடை கிடைத்துவிடும். பசி, தாகம், தூக்கக் குறைவு, வெயில், ஹார்மோன் இறக்கம் என்று எதுவானாலும் தனியாக வந்தால் தாங்கிக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் ஓர் எல்லையில் மூளைத்தண்டும் தலையின் உணர்வு நரம்பும் விழித்துக்கொள்கின்றன. மூளையைச் சுற்றியுள்ள உறையின் ரத்தக்குழாய்களில் வலியைத் தூண்டும் புரதங்கள் கசிகின்றன. அதன் பிறகு தலை வலிக்கிறது. ‘போன வாரம் வெயிலில் நின்றாளே, அப்போது வரவில்லையே’ என்ற வாதம் நிற்காதது இதனால்தான். போன வாரம் அவள் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பாள்.

ஒரு திங்கட்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு இரவு பதினொன்றரை வரை விழித்து, காலை ஒன்பது வரை தூங்கிய பிள்ளை. திங்கள் அன்று எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்பதால் ஐந்தரைக்கு எழுப்பப்படுகிறாள். சாப்பிட நேரமில்லை, ஒரு டம்ளர் டீ. தலைக்குக் குளித்து ஈரம் காயாமலே இரட்டைச் சடை இறுக்கிப் பின்னி, ரிப்பன் கட்டி மடித்தாகிவிட்டது. நெரிசல் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஒன்பது இருபதுக்கு பிரேயர். கொடியேற்றம், உறுதிமொழி, திருக்குறள், செய்திகள் எல்லாம் முடிய இருபத்தைந்து நிமிடம் கிழக்குப் பார்த்து வெயிலில். முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதற்குப் பிறகு அடுத்த சாப்பாடு பன்னிரண்டே முக்காலுக்கு. பதினாறு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலி. இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் பள்ளியின் அட்டவணையும் விதிமுறையும் போட்டவை. நாங்கள் உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

பசியை முதலில் சரிசெய்யுங்கள்; செலவில்லாமல் அதிகப் பலன் தருவது அதுதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022இல் ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கெனத் தொடங்கப்பட்டது. ஐந்தாம் வகுப்பு வரை பொங்கலும் கிச்சடியும் சாப்பிட்ட பிள்ளை, மைக்ரேன் தலைகாட்டும் வயதில் ஆறாம் வகுப்புக்குப் போய்ப் பசியோடு பெஞ்சில் உட்காருகிறது. அந்த எல்லையை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. ஆனால் காலை இடைவேளையில் ஒரு கைப்பிடி சுண்டலோ, இரண்டு கடலை உருண்டையோ, ஒரு வாழைப்பழமோ சாப்பிட அனுமதிப்பதும், தலைவலிக்காரப் பிள்ளையை மட்டும் வகுப்பு நடக்கும்போதே கடித்துக்கொள்ள விடுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பொதுத்தேர்வு பத்து மணிக்குத் தொடங்கி ஒன்றேகாலுக்கு முடிகிறது. ஆறரைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுக் கிளம்பிய பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட ஏழு மணி நேர இடைவெளி. ஒன்பதரைக்குத் தேர்வு மைய வாசலில் இன்னொரு முறை ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள். வெறும் பிஸ்கட், இனிப்பு மட்டும் வேண்டாம்; அந்தப் பசி சீக்கிரமே திரும்பிவிடும்.

சாக்லேட், சீஸ், அஜினமோட்டோ என்று இணையத்தில் சுற்றும் விலக்குப் பட்டியலை நம்பிப் பிள்ளைகளின் சாப்பாட்டைக் குறைக்கும் பெற்றோர் உண்டு. சாக்லேட் மேல் வைக்கப்படும் குற்றம் பல சமயம் தலைகீழானது. வலி வருவதற்கு முந்தைய நாளே மூளையின் அடித்தளத்தில் உள்ள ஹைப்போதலாமஸ் மாறத் தொடங்கிவிடுவதால் இனிப்பின் மேல் ஆசை வரும். சாப்பிட்டதால் வலி வந்ததா, வலி வரப்போவதால் சாப்பிடத் தோன்றியதா என்று பிரித்தறிவது கடினம். ஒரே உணவு மூன்று நான்கு முறை சாப்பிட்ட பின்னும் தவறாமல் வலி வந்தால் மட்டும் விலக்கினால் போதும். பட்டினி போடுவது எந்தச் சாக்லேட்டையும்விடக் கெடுதல். டீ, காபி பழகிய பிள்ளைகள் கவனிக்கப்பட வேண்டியவர்கள்: தினம் மூன்று டம்ளர் குடித்துவிட்டு விடுமுறையில் ஒரு நாள் விட்டால் அதற்கும் தலை வலிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் பாட்டிலை மட்டும் பார்த்தால் போதாது. பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காததற்கு முக்கியக் காரணம் கழிப்பறை. தாழ்ப்பாள் இல்லாத, வாளி இல்லாத, நாற்றமடிக்கும் கழிப்பறைக்குப் போக அஞ்சிக் காலையிலிருந்தே குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மணி அடித்துத் தண்ணீர் குடிக்கச் சொல்வது நல்லது. அதே மணிக்குக் கழிப்பறையும் திறந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில் பள்ளி விடுவதற்குள் காலியாக வேண்டும். மார்ச், ஏப்ரல், ஜூன் மாதங்களில் ஒன்றரை லிட்டர். பினாயிலைக் கலக்காமல் அப்படியே ஊற்றி, நாப்தலீன் உருண்டையும் போட்டு வைத்தால் அந்த நெடியே சிலருக்குத் தலைவலியைக் கிளப்பிவிடும். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீர் கலந்தே பயன்படுத்தச் சொல்லுங்கள். ஆண்டுவிழாவுக்கு முன் பெயின்ட் அடிப்பதையும் விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம்.

மாதவிலக்கு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னதிலிருந்து மூன்றாம் நாள் வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கியிருக்கும் காலம். அந்த ஐந்தாறு நாளில் பல பெண் பிள்ளைகளுக்கு வலி வரும். வந்தால் மற்ற நாட்களைவிட நீளும். வகுப்பாசிரியைக்குத் தெரிந்திருந்தால் போதும். கேள்வி வேண்டாம், அந்த நாட்களில் வெயிலில் பி.டி. மட்டும் வேண்டாம்.

சடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முடியை இழுத்துப் பின்னும் அழுத்தமே தனியாக ஒரு வகைத் தலைவலியைத் தரும். மைக்ரேன் வந்துவிட்ட நேரத்தில் தலைத்தோல் தொட்டாலே வலிக்கும் நிலைக்குப் போய்விடும். சீப்பு படுவதும் ரிப்பன் இறுகுவதும் வேதனை. ஈரத்தலை அதற்கு மேல். தலைக்குக் குளிப்பது மைக்ரேனைத் தூண்டுகிறது என்பதை 94 இந்திய நோயாளிகளிடம் கவனித்து 2006இல் எழுதியவர் மும்பையின் தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர். நீண்ட கூந்தலை அதிகாலையில் நனைத்துக் காயாமல் கட்டும் வழக்கம் நம்முடையது. மேல்நாட்டுப் பாடநூல்களில் இது தூண்டுதலாகப் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வெள்ளிக்கிழமைத் தலைக்குளியலை முந்தைய மாலைக்கு மாற்றச் சொல்லி வீட்டுக்குச் சொல்லுங்கள். இரட்டைச் சடைதான் வேண்டும் என்றால் தளரப் பின்னட்டும். தலைவலி வந்த பிள்ளை ரிப்பனை அவிழ்த்தால் அது ஒழுங்கீனம் ஆகாது.

வெளிச்சம். பல வகுப்பறைகளில் டியூப் லைட் மேலே, மின்விசிறி அதைவிடக் கீழே. மூன்று இறக்கை உள்ள விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் நொடிக்கு ஐந்து சுற்று. அதன் நிழலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நோட்டின் மேல் வெளிச்சம் நொடிக்கு 15 முறை வெட்டுப்படும். கண்ணுக்கு நன்றாகவே தெரியும் சிமிட்டல் அது. மைக்ரேன் மூளை மிகவும் வெறுக்கும் வேகமும் ஏறக்குறைய அதுதான். அந்த இடத்தில் பெஞ்சை இரண்டடி நகர்த்தினாலே தீரும். அல்லது விளக்கைப் பக்கச் சுவருக்கு, விசிறி மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டும். பழைய இரும்புச் சோக் உள்ள டியூப் லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும். பெரும்பாலோருக்குத் தெரியாது, சிலருக்கு உறுத்தும். முனை கறுத்து, எரிவதற்கு முன் பத்து முறை சிமிட்டும் டியூப்பில் ஸ்டார்ட்டரோ டியூப்போ போய்விட்டது. அதை மாற்றாமல் மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. எல்.இ.டி. மாட்டினால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது, உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் மலிவானதாக இருந்தால் துடிக்கும். செல்போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கைப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு துடிக்கிறது. ஜன்னலுக்கு எதிரே ஸ்மார்ட் போர்டு வைத்த வகுப்புகளில் ஒரு திரைச்சீலை போதும்.

தூக்கத்தைப் பொறுத்தவரை 13 முதல் 18 வயதுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். காலை ஸ்பெஷல் கிளாஸும் மாலை ஸ்பெஷல் கிளாஸும் சேர்த்து வைக்கும் பள்ளியில் இது கணக்கிலேயே வராது. இரண்டில் ஒன்றை விடுங்கள். விடுமுறையில் கூடுதலாகத் தூங்குவதும் வலியைக் கிளப்பும் என்பதால், எழும் நேரம் எல்லா நாளும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தும் வலி வந்துவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. ‘கொஞ்சம் பொறு, லஞ்ச் பெல் அடிக்கட்டும்’ என்று தள்ளிப்போடுவது முதல் தவறு. மாத்திரை நன்றாக வேலை செய்வது வலி தொடங்கிய அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் போட்டால்தான். வயிறு தேங்கிய பிறகு போட்டது உடலில் சரியாகச் சேராது, வாந்தியிலும் போய்விடலாம். அரை மாத்திரை கொடுப்பது இரண்டாவது தவறு. பாராசிட்டமால் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 15 மில்லிகிராம். 35 கிலோ பிள்ளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை முழுசாக ஒன்று. கால், அரை என்று உடைத்தால் பலன் இல்லை. ஆறு மணி நேரத்துக்குள் இன்னொன்று வேண்டாம். ஐபுபுரூஃபன் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஏதாவது சாப்பிட்ட பின். காய்ச்சல் இருந்தால் டெங்குவாக இருக்கலாம் என்பதால் அதைத் தொடவே கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் கூடாது. 16 வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் எந்த உருவிலும் கிடையாது. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய்ஸ் நோய் வரக்கூடும்.

இந்த மாத்திரையை நீங்களாக எடுத்துக் கொடுக்கச் சொல்லவில்லை. மருத்துவரின் சீட்டு, பெற்றோரின் கையெழுத்திட்ட கடிதம், மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று எழுதும் ஒரு நோட்டு, இவ்வளவும் அலுவலகத்தில் இருக்கட்டும். கடிதம் இருந்தும் ‘ஹெட்மாஸ்டர் வரட்டும்’ என்று முக்கால் மணி நேரம் காக்க வைத்தால் கடிதம் வாங்கியதற்குப் பயனில்லை. மாத்திரையோடு ஒரு டம்ளர் தண்ணீர், பசியாக இருந்தால் இரண்டு பிஸ்கட், இருட்டான அறை, முடிந்தால் ஒரு மணி நேரத் தூக்கம். தைலம் பிள்ளையே கேட்டால் மட்டும். அந்த நெடி சிலருக்குக் குமட்டலைக் கூட்டும். சிக் ரூம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம்: ஒரு பாய், ஒரு தலையணை, கறுப்புத் திரை, வாந்திக்கு ஒரு வாளி. பெல் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வலி மாத்திரை போகிறதா என்று அந்த நோட்டைப் பார்த்தாலே தெரியும். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவை மாதத்தில் 15 நாளும், பல மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகளும் மைக்ரேனுக்கென்றே உள்ள மாத்திரைகளும் மாதத்தில் 10 நாளும் என மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். மளிகைக் கடையில் ஒன்றிரண்டாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இந்தக் குழியில் விழுகிறார்கள். மாதம் நான்கு நாளுக்கு மேல் வலி வரும் பிள்ளையைத் தடுப்பு சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லுங்கள். தினசரி மாத்திரைதான் என்று பயப்பட வேண்டாம். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 8 முதல் 17 வயதினரிடம் இரண்டு தடுப்பு மருந்துகளைச் சோதித்தபோது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 61 சதவீதம் பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. இரண்டு மருந்தும் அதைத் தாண்டவில்லை. சாப்பாடும் தூக்கமும் தண்ணீரும் சீரானால் எவ்வளவு தேறும் என்று பார்த்துவிட்டுத்தான் நாங்களும் மருந்துச் சீட்டை எடுக்கிறோம்.

சில தலைவலிகளைப் பாயில் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இடி விழுந்ததுபோல் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. தலையில் அடிபட்ட பின் வரும் வலி. வலிப்பு, கை கால் பலவீனம், இரட்டைப் பார்வை, குழறும் பேச்சு, தெளிவில்லாத நிலை. இவற்றில் எது இருந்தாலும் பெற்றோர் வரும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். அவசரம் இல்லாவிட்டாலும் அந்த வாரமே மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவை: தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, தினமும் விடிகாலையில் வாந்தியோடு வரும் வலி, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும் வலி, பிடரியில் மட்டும் வரும் வலி.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் எலக்ட்ரீஷியன் வரும் நாளில் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் விசிறியையும் விளக்கையும் போட்டுவிட்டு, நடு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை விரித்துப் பத்து நிமிடம் எதையாவது எழுதிப் பாருங்கள். தாளின் மேல் நிழல் ஓடும் இடங்களைச் சாக்பீஸால் தரையில் குறித்துவிட்டு, பெஞ்சுகளை அங்கிருந்து நகர்த்துங்கள். பிரேயர் மைதானத்தில் ஒன்பதரை மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்பதையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தலைவலிக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்கள் சிலர்